நின்றுபோன ராணுவ டிரக்: ஓட்டும் முன் நிறுத்தும் வழியைப் பாருங்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் கொட்டகையில் நின்ற எம்35ஏ2, அதாவது அமெரிக்க ராணுவத்தின் பழைய இரண்டரை டன் டிரக். புதிதாக இரண்டு பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகுமா, மல்டிஃபியூல் எஞ்சின்தானே, கழித்த எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில்: ஆகிவிடலாம், அதுதான் எனக்குப் பயம். இவ்வளவு நாள் நின்ற வண்டியில் எஞ்சினை ஓட வைப்பது பெரிய வேலையில்லை. ஓடிய எஞ்சினை நிறுத்துவதும், உருண்ட வண்டியை நிறுத்துவதும்தான் வேலை. அதனால் பேட்டரியை ஓரமாக வைத்துவிட்டு, நிறுத்துகிற பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

இந்த எஞ்சின் பெரும்பாலும் எல்டிடி-465 வகையாக இருக்கும். வால்வு கவர் அருகிலுள்ள தகட்டில் எழுத்து தெரிகிறதா பாருங்கள். வரிசையாக ஆறு சிலிண்டர், 478 கன அங்குலம், அதாவது சுமார் 7.8 லிட்டர். டர்போ உண்டு. கம்ப்ரெஷன் விகிதம் 22:1. ஜெர்மனியின் மேன் நிறுவனம் உருவாக்கிய எம் முறையில், பிஸ்டன் தலையிலேயே உருண்டைக் குழி ஒன்று இருக்கும். நாசில் அந்தக் குழியின் சுவரில் டீசலைப் பூசுகிறது; படலமாகப் படிந்த எரிபொருள் ஆவியாகி எரிகிறது. பல வகை எரிபொருளை இந்த எஞ்சின் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். குளிரில் வெள்ளைப் புகை கக்கி முரண்டு பிடிப்பதற்கும் காரணம் இதுவே, ஏனென்றால் சுவர் சூடாகாமல் ஆவியாதல் நடக்காது.

இதன் டீசல் பம்ப் அமெரிக்கன் பாஷின் பிஎஸ்பி வகை. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே பிளஞ்சர், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் உலோகத் தண்டு. அது ஹைட்ராலிக் ஹெட் என்ற பகுதிக்குள் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போகிறது. எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை ஒரு மீட்டரிங் ஸ்லீவ் தீர்மானிக்கிறது. எல்லாமே இயந்திர வேலை, மின்சாரத்துக்கு இதில் பங்கில்லை. டேஷ்போர்டில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்தால் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் நிற்கும், அவ்வளவுதான். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும்.

நீண்ட நாள் நின்ற வண்டியில் இரண்டு கோளாறு சேர்ந்து வரும். கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகிவிடும். பழைய டீசல் கோந்துபோல் படிந்து ஸ்லீவை அது இருந்த இடத்திலேயே ஒட்டிவிடும். ஒட்டிய இடம் முழு எரிபொருள் நிலையாக இருந்தால், எஞ்சின் பற்றிய அடுத்த சில நொடிகளில் கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும். இதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 2600 சுற்று. அதைத் தாண்டினால் முதலில் போவது கனெக்டிங் ராடு. அது பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் அந்த எஞ்சினுக்குப் பிறகு வேலையில்லை. ஆகவே ஒருவர் கேபினில் ஸ்டாப் கேபிளை இழுக்க, இன்னொருவர் பம்ப் அருகில் நின்று லீவர் கடைசி வரை போகிறதா, விட்டதும் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பம்பின் பக்க மூடியைக் கழற்றி, லீவர் அசையும்போது உள்ளேயுள்ள கட்டுப்பாட்டு அமைப்பும் தடையில்லாமல் கூடவே அசைகிறதா என்று பாருங்கள். வெளியே லீவர் அசைவதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் ஸ்லீவ் ஒட்டியிருந்தாலும் லீவர் அசையும். இறுக்கமாக இருந்தால் சுத்தமான டீசலும் ஊடுருவும் எண்ணெயும் கலந்து விட்டு இரண்டு நாள் ஊற வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் பம்பைக் கழற்றி பம்ப் டெஸ்டிங் செய்கிறவரிடம் கொடுப்பதுதான் வழி. சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டாம்.

இன்னொரு ஏற்பாடும் வேண்டும். டர்போவின் சீல் போனால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓடும். அப்போது டீசலை அடைத்தும் பயனில்லை, காற்றை அடைத்தாக வேண்டும். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி வையுங்கள். அந்த வாயை முழுசாக மூடுகிற அளவில் 18 மிமீ தடிமனுள்ள பிளைவுட் பலகை ஒன்றை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கையால் மூடக் கூடாது. துணியால் மூடினால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழற்றிய வாயருகே நட்டு, வாசர், கந்தல் எதுவும் கிடக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி எஞ்சின். சைலன்சர் குழாய் செங்குத்தாக மேலே போகிற வண்டிகளில், மூடி உடைந்திருந்தால் மழைநீர் டர்போ வழியாகத் திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வரை இறங்கும். தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ராடு வளையும், ஆனால் உடனே தெரியாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு உடையும். எனவே நாசில்கள் ஆறையும் கழற்றிவிட்டு முதல் சுற்றைக் கையால்தான் சுற்ற வேண்டும். நாசில் சுலபமாக வராது. சுற்றிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். எடுத்தபின் அடியிலுள்ள செம்பு வாசரும் கூடவே வந்ததா என்று எண்ணுங்கள்; பழைய வாசர் துளையிலேயே தங்கியிருக்க, மேலே புதியதைப் போட்டால் நாசில் உயர்ந்து நின்று, பூச வேண்டிய இடத்தில் பூசாது.

ஒவ்வொரு சிலிண்டரிலும் 15 மில்லி எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். ஒரு நாள் கழித்து முன்பக்க கிராங்க் புல்லியில் நீளமான பார் போட்டு மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தடுத்தால் பலம் கொடுக்காமல் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தடுத்தால் வால்வோ ரிங்கோ ஒட்டியிருக்கிறது. டேப்பட் கவரைத் திறந்து ராக்கர் ஆர்ம் எல்லாம் ஏறி இறங்குகிறதா பாருங்கள். திறந்தபடியே ஒட்டிய வால்வு பிஸ்டனில் மோதும், மூடியபடியே ஒட்டியிருந்தால் புஷ் ராடு வளையும். கவர் திறந்திருக்கும்போதே டேப்பட் இடைவெளியையும் சரிசெய்துவிடலாம். எக்ஸாஸ்ட்டுக்கு இன்டேக்கைவிட அதிக இடைவெளி. இரண்டையும் ஒரே அளவில் வைத்துவிடுவது பரவலாக நடக்கும் தவறு. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4.

ஆயிலை மாற்றும் முன் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். மட்டம் கூடியிருந்து டீசல் வாடை அடித்தால், ஹைட்ராலிக் ஹெட்டின் ஓ ரிங் வழியாக டீசல் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். இந்தப் பம்ப் எஞ்சின் ஆயிலாலேயே உயவுபெறுகிறது, அதனால் இந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. நீர்த்த ஆயில் முதலில் பேரிங்கைத் தின்னும். நிறம் பால் காபிபோல் இருந்தால் தண்ணீர். ஆயில் மாற்றுவதோடு அது முடியாது, ஹெட் கேஸ்கெட்டையும் ஆயில் கூலரையும் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ஹெட். ரேடியேட்டரில் குமிழி வந்தால் எந்த ஹெட் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் குறுக்குவழி.

நல்ல ஆயிலாக 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் போதும். ஃபில்டர்களோடு சேர்த்து சுமார் 20 லிட்டர் பிடிக்கும், கடைசியில் டிப்ஸ்டிக் சொல்வதுதான் கணக்கு. ஆயில் ஃபில்டர் இரண்டும் டப்பாவுக்குள் எலிமென்ட் போடும் பழைய வகை. அடியில் ஒரு ஸ்பிரிங்கும் அதன்மேல் ஒரு தட்டும் சீலும் உண்டு. எலிமென்ட்டைக் குப்பையில் போடும்போது அந்தத் தட்டும் ஒட்டிக்கொண்டு போய்விடும்; அது இல்லாமல் மூடினால் ஆயில் வடிகட்டாமலே சுற்றும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மேல் வளைய கேஸ்கெட்டும் அப்படித்தான்: பழையது பள்ளத்தில் படிந்து உலோகம்போலவே தெரியும். ஊசியால் கிளறி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

டீசல் பக்கத்தில் டேங்கிலிருந்து தொடங்குங்கள். பன்னிரண்டு வருட டீசலை முழுக்க வடித்துவிடுங்கள். அடியில் கறுப்பாக வழவழவென்று படிந்திருந்தால் அது நுண்ணுயிர்ப் படிவு. டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றினால் வாரம் ஒரு ஃபில்டர் அடைக்கும். மெயின் சுவிட்சைப் போட்டதும் டேங்குக்குள் மெல்லிய உறுமல் கேட்க வேண்டும். கேட்டும் டீசல் வராவிட்டால் பம்புக்கு மேலே உள்ள சிறு ஹோஸ் விரிசல் விட்டிருக்கும். பழைய நைட்ரைல் ரப்பர் ஹோஸும் சீலும் இன்றைய கந்தகம் குறைந்த டீசலில் சுருங்கிக் கசியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஃப்ளூரோகார்பன் ரப்பருக்கு மாற்றுவது நல்லது. ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொன்றாகக் கசியும்.

ஃபில்டர் மூன்று: பிரைமரி, செகண்டரி, ஃபைனல். மூன்றையும் மாற்றிவிட்டு டேங்க் பம்பை ஓட விட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றின் ஏர் ஸ்க்ரூவையும் திறந்து குமிழி நிற்கும் வரை விடுங்கள். பிறகு பம்பின் நுழைவாய். கடைசியில் நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து டீசல் துடித்து வருகிறதா பாருங்கள். நுழைவாய் வரை டீசல் வந்தும் ஒரு நாசிலுக்கும் வரவில்லை, ஸ்டாப் கேபிளும் உள்ளே போயிருக்கிறது என்றால் ஹைட்ராலிக் ஹெட்டில் பிளஞ்சர் இறுகியிருக்கும் அல்லது அதன் அடியிலுள்ள பட்டன் என்ற சிறு பாகம் கழன்றிருக்கும். இந்த எஞ்சின் சாலையில் திடீரென்று செத்துப்போவதற்கும் பழக்கமான காரணம் இதுதான். ஏர் எடுக்கிறேன் என்று மணிக்கணக்கில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு முறைக்கு 15 நொடி, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. நாசில் பைப்பிலிருந்து பீறும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

பம்பின் பக்கத்தில் ஃபியூல் டென்சிட்டி காம்பன்சேட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். எரிபொருள் கெட்டியா நீர்த்ததா என்று பார்த்து முழு லோடு அளவைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு. டீசல் மட்டுமே ஓட்டப்போகிறவருக்கு இதனால் லாபம் ஒன்றுமில்லை, கசிவு மட்டும் உண்டு. பைபாஸ் செய்துவிடலாம். ஆனால் செய்த பிறகு எவ்வளவு எரிபொருள் போகிறது என்பது உங்கள் ஸ்க்ரூவின் கையில் இருக்கிறது. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பமானி பொருத்தாமல் அந்த ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். 650 டிகிரி செல்சியஸை ஏற்றத்தில் தொடர்ந்து தாண்டினால் பிஸ்டன் உருகும் வழியில் போகிறீர்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மல்டிஃபியூல் என்றால் எதையும் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. போர்க்களத்தில் கிடைக்கும் டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் வரை ஓடட்டும் என்றுதான் செய்தார்கள். இவை எல்லாமே சுத்தமான எரிபொருள்கள். கழித்த ஆயிலில் உலோகத் துகளும் புகைக்கரியும் தண்ணீரும் உண்டு. பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையில் இருப்பது சில மைக்ரான் இடைவெளி. ஆறு சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர் என்பதால் ஒரு கீறல் விழுந்தால் எஞ்சினே போச்சு. குழிச்சுவரில் படலமாகப் பூசி எரிக்கிற முறைக்குக் கெட்டியான ஆயில் ஒத்துவராது. சுவரில் கரியாகப் படியும், நாசில் நுனியும் அடைக்கும். வேண்டாம் என்பதே என் பதில். மண்ணெண்ணெயோ ஜெட் எரிபொருளோ ஊற்றினால் பிரச்சினை வேறு, அவற்றில் உயவு குறைவு. அதற்கு டீசல் பம்புக்கான உயவு சேர்மத்தைச் சேர்த்தால் போதும்.

ஸ்டார்ட் செய்யும் நாள். நாசில்களைத் திரும்பப் பூட்டியாகிவிட்டது. டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றி 50 மில்லி சுத்தமான ஆயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றி விடுங்கள். ஸ்டாப் கேபிளை வெளியே இழுத்து வைத்தபடியே 15 நொடி, 15 நொடியாக செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் முள் எழும்ப வையுங்கள். முள் எழும்பியபின்தான் கேபிளை உள்ளே தள்ள வேண்டும். ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். இன்டேக்கில் ஃபிளேம் ஹீட்டர் இருக்கிற எஞ்சின் இது. சுடரும் ஈதரும் சந்தித்தால் மேனிஃபோல்ட் வெடிக்கும், 22:1 கம்ப்ரெஷனில் ஈதர் முன்கூட்டியே பற்றி ரிங்கை உடைக்கும். பற்றியபின் பத்து நொடிக்குள் ஆயில் பிரஷர் காட்டாவிட்டால் நிறுத்திவிடுங்கள். வெள்ளைப் புகை முதல் பத்து நிமிடம் வரும், பரவாயில்லை. சூடான பிறகும் நின்றபாடில்லை, கண்ணை எரிக்கிறது என்றால் ஒரு சிலிண்டர் எரியவில்லை: ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்திப் பாருங்கள், எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் ஆள். நீலப் புகை ஆயில். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருப்பதை முதலில் சந்தேகியுங்கள். அணைக்கும் முன் மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், டர்போ பேரிங்குக்கு அது கட்டாயம்.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரியலில். இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு இருக்க வேண்டும். ரேடியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் வழக்கம் இரண்டையும் கொல்லும்; ஒன்று பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். கன்வர்ட்டர் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது 27.5க்கும் 28.5க்கும் நடுவில் வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரைக் கழற்றும் முன் வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் குற்றவாளி. இந்த வண்டிகளில் பாதி மின்கோளாறு துருப்பிடித்த எர்த்தில் முடியும்.

பிரேக்குக்கு வருவோம், இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். காற்றின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், ஆனால் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, சர்க்யூட்டும் ஒன்றே. ஆறு சக்கரத்தில் எந்த ஒரு ஹோஸ் வெடித்தாலும் மொத்த பிரேக்கும் போகும். அதனால் ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வீல் சிலிண்டர்களையும் கழற்றுங்கள். ஒன்றிரண்டு பிஸ்டனாவது இறுகியிருக்கும். அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறியது. இதுதான் டாட் 5. அதற்கு முன் இருந்தது டாட் 3 போன்ற கிளைக்கால் வகை. இரண்டும் கலக்காது. கலந்தால் கோழைபோல் திரண்டு சிறு துளைகளை அடைக்கும். உள்ளே எது இருக்கிறது என்று தெரிய, ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள்: தண்ணீரோடு கரைந்தால் கிளைக்கால், பிரிந்து நின்றால் சிலிக்கான். டாட் 5.1 என்பது பெயரில் மட்டும்தான் டாட் 5க்கு உறவு, அது கிளைக்கால்.

வெளியே கசிவே இல்லாமல் பிரேக் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போனால் ஏர்-பாக் (Air-Pak) என்னும் காற்று பூஸ்டரின் சீல் போயிருக்கிறது. ஆயில் காற்றுப் பக்கத்தில் சேர்கிறது. அதன் அடிப்பிளக்கைத் திறந்தால் வடியும். ஏர் டேங்குகளை ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் வடிக்க வேண்டும். காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐக்குக் கீழே போகும்போது எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினாலும், ஆக்சிலின் ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலும், அந்த ஆக்சிலில் அதன் பிடி இருக்காது. கட்டை வைக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

டிரம்முக்குள் ஆயில் இருந்தால், சீலை மாற்றும் முன் ஆக்சில் மேலுள்ள பிரீதர் என்ற காற்றுப்போக்கியைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எந்தப் புதுச் சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். ஹப் பேரிங்கைக் கழுவி, கிரீஸ் அடைத்து, டிரம்மைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்திப் பூட்டுங்கள். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவி மாட்டுகிற யோசனை வேண்டாம், சூடானதும் மறுபடி கக்கும்.

வீட்டில் தனியாகச் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு என்றால் டயர் மாற்றுவது. டயரைத் தனி இரும்பு வளையம் பிடித்து நிறுத்துகிற லாக் ரிங் ரிம் இது. துருப்பிடித்த ரிங் காற்று ஏற்றும்போது பிடி விட்டுப் பறந்தால் ஆளைக் கொல்லும். எந்த நட்டையும் தொடும் முன் உள் டயர், வெளி டயர் இரண்டின் வால்வு ஊசியையும் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். காற்று ஏற்றுவது இரும்புக் கூண்டுக்குள், நீள ஹோஸில், தள்ளி நின்று.

எண்கள் வேண்டுமென்றால் அமெரிக்க ராணுவத்தின் தொழில்நுட்பக் கையேடுகளைப் (டிஎம்) பாருங்கள்: டிஎம் 9-2320-361-10 ஓட்டுநருக்கானது, அதன் -20 பகுதி பராமரிப்புக்கு, டிஎம் 9-2815-210-34 எஞ்சினைப் பிரிக்கிறவருக்கு. டார்க் அளவுகளை அவற்றிலிருந்தே எடுங்கள்.

முதல் ஓட்டம் காலியிடத்தில், நடக்கிற வேகத்தில், பிரேக் பிடித்துப் பிடித்து. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி ஆறு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ ஒட்டுகிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. இறக்கத்தில், அதே மேட்டை ஏறப் போடும் கியரிலேயே இறங்குங்கள், ஆனால் 2600ஐத் தாண்ட விடாதீர்கள். சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது, பம்பிலுள்ள வேகக் கட்டுப்பாட்டு அமைப்பான கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், வேகத்தை நிறுத்தாது. 80 கிலோமீட்டருக்குப் பிறகு வீல் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, பிறகு வெளி நட்டு. இடப்பக்கச் சக்கரங்களின் மரை தலைகீழ். ஸ்டட் நுனியில் எல் என்று பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் நீளக் குழாய் போட்டு வழக்கமான பக்கம் திருப்பினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவீர்கள், ஸ்டட் முறியும்.